கறளுக்குள் கிடக்கும் சொத்து

மீளக்குடியேறிய வளவுகளில் கறள்பிடித்த பழைய லாண்ட் ரோவர்களைக் கண்டிருக்கிறேன். "இதைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதா, திருத்துவதா?" என்று சகோதரிகள் கேட்பதுண்டு. விற்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்.

பிரித்தானியத் தயாரிப்பான லாண்ட் ரோவர் 1948இல் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போரின் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. அதில் உருக்கைப்போல் கறள் பிடிப்பதில்லை. ஆனால் பாரம் தாங்கும் அடிச்சட்டம் உருக்கினாலானது. ஆகவே முதலில் அடியைப் பாருங்கள். சுத்தியலால் தட்டும்போது உள்ளே அமிழ்ந்தால், அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவேண்டும்.

அடுத்தது பிறேக். பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ட்ரம் பிறேக்தான். தண்ணீரில் நனைந்தால் பிடிமானம் குறையும். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டுவது நல்லது. டீசல் இஞ்சின் மாற்றினால் அதன் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தில் மாற்றவேண்டும். பெயின்ற் கடைசி வேலை.

எல்லாவற்றுக்கும் முன், பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கணவர் காணாமற்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அவருடைய சொத்தை நிர்வகிக்க அது உதவும்.

கராஜுக்குப் பணம் கொடுக்குமுன் பத்திரங்களைச் சரிசெய்யுங்கள், சகோதரிகளே. விற்பதானாலும் ஓட்டுவதானாலும், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.