பின்னுக்குப் பின்னால் இருக்குது சங்கதி!

டிஸ்னிலாந்தில் பேட்ஜ் மாற்றுகிறவர்களின் தகராறுகள்

இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். உலோகத்தில் செய்து மேலே எனாமல் வண்ணம் ஏற்றியிருப்பார்கள். மிக்கி மவுஸ் சிரிக்கும். டொனால்டு வாத்து முறைக்கும். முதுகில் ஒரு முள். முள்ளுக்கு ரப்பர் மூடி. சட்டையில் குத்திக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் இந்தப் 'பின்'னுக்காக விடியும் முன்பே வரிசையில் நிற்கிறார்கள் வழுக்கைத் தலை ஆசாமிகள். பல வருஷத்துச் சிநேகிதம் முறிந்து போகிறது. "என்னை ஏமாத்திட்டான்" என்று பேரன் பேத்தி எடுத்தவர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். இத்தனை அமர்க்களமும் அமெரிக்காவில், டிஸ்னி பூங்காக்களில்!

1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களும் நடுவர்களும் அடையாளத்துக்கு அட்டை வில்லை அணிந்தார்கள். அதில் தொடங்கிய ஒலிம்பிக் பேட்ஜ், நாட்டுக்கு நாடு மாற்றிக்கொள்ளும் பழக்கமாக வளர்ந்தது. அதைப் பார்த்துத்தான் டிஸ்னிக்காரர்களும் 1999 அக்டோபரில், புத்தாயிரம் பிறக்கப் போகிற கொண்டாட்டத்தோடு சேர்த்து, ஃபுளோரிடா பூங்காவில் பின் மாற்றும் விளையாட்டை ஆரம்பித்து வைத்தார்கள். மறு வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அனஹைம் ஊரில் இருக்கும் டிஸ்னிலாந்துக்கும் அது வந்துவிட்டது.

விளையாட்டு என்னவோ எளிதுதான். கடையில் ஒரு பின் வாங்கு. பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் கொடுத்து வேறு வாங்கிக்கொள். காசு பேச்சே கிடையாது. பண்டமாற்று! தீப்பெட்டிப் படம் சேர்த்த பையன்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வினை வந்தது பின்னின் முதுகில்!

முதுகில் ஒரு எண்

சாதாரண பின்னைத் திருப்பிப் பார்த்தால் டிஸ்னி கம்பெனியின் உரிமை முத்திரை மட்டும் இருக்கும். தீரத் தீர அடிப்பார்கள். பத்துப் பதினைந்து டாலர் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

'லிமிடெட் எடிஷன்' என்பது வேறு சாதி. மொத்தம் எத்தனை செய்தார்கள் என்று முதுகிலேயே பொறித்திருக்கும். ஆயிரம், ஐந்நூறு, முந்நூறு என்று இருக்கும். அவ்வளவுதான், மறுபடி அடிக்க மாட்டார்கள். கடையில் இருபது டாலர் சொச்சத்துக்கு வாங்கியது, கேட்டுக்கு வெளியே நூறு டாலரைத் தாண்டிப் போவதும் உண்டு.

ஆக, முன்பக்கம் பார்க்கிறவன் குழந்தை. முதுகைப் பார்க்கிறவன் வியாபாரி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

தொட்டால் கெட்டது

பூங்கா ஊழியர்கள் கழுத்தில் ஒரு நாடா தொங்கும். அதில் பத்துப் பன்னிரண்டு பின் குத்தியிருக்கும். எந்தப் பின்னையும் கேட்கலாம். டிஸ்னி முத்திரை போட்ட உலோகப் பின் ஒன்றை நீட்டினால் ஊழியர் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின்தான். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கொடுக்கும்போது முள்ளுக்கு மூடி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஏறிவிடும். ஊழியரின் நாடாவில் கை வைக்கக் கூடாது. கண்ணால் பார், வாயால் கேள்!

ஊழியரிடம் மட்டுமே கிடைக்கும் பின்களும் உண்டு. 2002-ல் ஆரம்பித்தவை இவை. ஒரு மூலையில் மிக்கியின் தலை துக்கடாவாக ஒளிந்திருக்கும். ஆரம்பத்தில் அதற்காக ஊழியர் ஊழியராகத் துரத்திக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. பெரியவர்கள் இப்படி நல்லதை எல்லாம் வளைத்துப் போட்டார்கள் என்றால் பிள்ளைகள் என்ன செய்யும்? ஃபுளோரிடாவில் சில ஊழியர்களுக்குப் பச்சை நாடா மாட்டிவிட்டார்கள். அது 3 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு மட்டும். மீசைக்காரர்களுக்கு 'நோ'!

பெஞ்சு தர்பார்

நிஜமான தர்பார் நடப்பது டிஸ்னிலாந்தில், 'வெஸ்ட்வர்ட் ஹோ' என்கிற பின் கடைக்கு எதிரே. நாள் தவறாமல் வருகிற கோஷ்டிகள் பைகளை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். பையைத் திறந்தால் புத்தகம் போலப் பக்கம் பக்கமாகப் பின்கள் மினுக்கும்.

இங்கே எழுதாத சட்டங்கள் நிறைய. அடுத்தவர் புத்தகத்தைக் கேட்காமல் புரட்டக் கூடாது. இரண்டு பேர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் தலையை நீட்டி, "அதை எனக்குக் குடு, நான் ரெண்டு தர்றேன்" என்று குறுக்கே விழக் கூடாது. இது பெரிய குற்றம். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையை மாற்றச் சொன்ன மாதிரி! பின்னில் கீறல் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கை மாறிய பிறகு பின்வாங்கக் கூடாது.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பு இல்லை. எதற்கு எது சமம்?

ஒரு கட்சி சொல்கிறது: "முந்நூறு அடிச்ச பின்னுக்கு முந்நூறு அடிச்ச பின்தான் குடுக்கணும். வெளியில என்ன விலை போகுதுன்னு பார்த்துக் குடுக்கணும்."

மறு கட்சி சொல்கிறது: "உனக்கு அது பிடிச்சிருக்கு, எனக்கு இது பிடிச்சிருக்கு. அப்புறம் என்ன கணக்கு? விலை பார்க்கிறதா இருந்தா கடை வச்சுக்கோ!"

இரண்டாவது கட்சிதான் பழசு. முதல் கட்சிதான் இப்போது கூட்டம் அதிகம்.

சுறா வருது!

பெஞ்சில் சில பேர்வழிகளுக்கு 'சுறா' என்று பட்டப்பெயர். குழந்தையின் கழுத்து நாடாவை ஒரு நோட்டம் விடுவார்கள். அதில் தப்பித் தவறி ஒரு லிமிடெட் எடிஷன் இருக்கும். அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்ததாக இருக்கும்.

"பாப்பா, இங்க பாரு, இது பளபளன்னு இருக்கு. ஒண்ணுக்கு மூணு தர்றேன்!"

மூன்று என்றால் எந்தக் குழந்தைதான் வேண்டாம் என்று சொல்லும்? குதித்துக்கொண்டு கொடுத்துவிடும். சுறா பையை மூடிக்கொண்டு நடையைக் கட்டிவிடும். அப்பாவுக்கு விஷயம் தெரிவது ஓட்டலுக்குத் திரும்பிய பிறகு.

கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? "ஆசைப்பட்டுத்தானே குடுத்துச்சு. நான் என்ன பிடுங்கினேனா?" பிடுங்கவில்லைதான். ஆனால் விலை தெரிந்தவன், தெரியாத பிள்ளையிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு வியாபாரம் என்றா பெயர்?

மரியாதையான ஆட்கள் வேறு மாதிரி. குழந்தையோடு மாற்றும்போது பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். "இது கொஞ்சமாத்தான் அடிச்சது, பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வேறு பின்னைக் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு என்றே தனியாகச் சாதாரணப் பின்கள் கொண்டுவந்து சும்மா கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சுறா வந்து உட்கார்ந்தால் இவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதுதான் அங்கே பெரிய தண்டனை.

டூப்ளிகேட் ஆட்டம்

சுறாவாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத திருடன் ஒன்று இருக்கிறது. பெயர் 'ஸ்கிராப்பர்'.

டிஸ்னி பின்களில் பெரும்பாலானவை சீனாவில் தயாராகின்றன. கம்பெனி கேட்ட எண்ணிக்கை முடிந்த பிறகும் அச்சு பட்டறையில்தானே கிடக்கிறது? இன்னும் கொஞ்சம் அடித்துவிடுகிறார்கள். வண்ணம் சரியில்லை என்று தள்ளியதும், உருக்கியிருக்க வேண்டியதும் கொல்லைப்புற வழியாக வெளியே வந்துவிடுகின்றன. நூறு பின் ஒரு மூட்டை என்று இணையச் சந்தையில் விற்கிறார்கள். ஒரு பின் ஒரு டாலர்கூட விழாது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒருவர் இந்த மூட்டையை வாங்கிக்கொண்டு பூங்காவுக்கு வருகிறார். ஊழியர் ஊழியராகப் போய் இரண்டு இரண்டாக மாற்றுகிறார். ஊழியர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டா பார்க்க முடியும்? வருகிறவர்களிடம் சிரித்துப் பேச வேண்டியது அவர் வேலை. முத்திரை இருக்கிறதா, சரி, வாங்கிக்கொள்கிறார். சாயங்காலத்துக்குள் அவர் நாடாவில் பாதி போலி.

அடுத்து ஒரு சிறுமி வருகிறாள். கடையில் பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கிய அசல் பின். அட்டையிலிருந்து கழற்றி நீட்டுகிறாள். போலியை வாங்கிக் குத்திக்கொண்டு சந்தோஷமாகப் போகிறாள். அசல் போச்சு! யாரும் அவளை ஏமாற்றவில்லை. ஊழியர் நல்லவர்தான். ஆனாலும் ஏமாந்தது அவள்தான்.

பெஞ்சுக்கு வந்து அதை மாற்றக் கேட்டால் அங்கே இருக்கிற கில்லாடி, பின்னைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வண்ணம் பள்ளமாக இருக்கும். ஓரம் சொரசொரப்பாக இருக்கும். எடை குறைவாக இருக்கும். நிறம் ஒரு மாற்று தள்ளி இருக்கும். முதுகில் இருக்கும் மிக்கி தலைக் கோலம் விளிம்புவரை ஓடாமல் நடுவிலேயே நின்றிருந்தால் சந்தேகம் என்பார்கள். இதிலும் தகராறு உண்டு. ஒருவர் போலி என்று தள்ளியதை இன்னொருவர் அசல் என்று வாங்கி வைத்துக்கொள்கிற கூத்தும் நடக்கிறது.

இதைவிடப் பெரிய தகராறு, கையில் வந்துவிட்ட போலியை என்ன செய்வது என்பதில்தான்.

"ஊழியர்கிட்டதானே வாங்கினேன், ஊழியர்கிட்டயே திருப்பி மாத்திடுவேன். நான் ஏன் நஷ்டப்படணும்?" என்கிறது ஒரு கோஷ்டி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. "அப்படிச் செஞ்சா அடுத்த குழந்தை தலையில கட்டுறேன்னு அர்த்தம். செல்லாத நோட்டை கோவில் உண்டியல்ல போடுற மாதிரி. குப்பையில போடு" என்கிறது இன்னொரு கோஷ்டி. போலி என்று தெரிந்து மாற்றினால் பாவம்; தெரியாமல் மாற்றினால் பாவமில்லை என்று நடுவில் ஒரு கூட்டம். இதனால் முதுகைத் திருப்பியே பார்க்காமல் மாற்றிக்கொண்டு போகிற சாமர்த்தியசாலிகளும் கிளம்பிவிட்டார்கள்!

ஐஸ்கிரீம் வேண்டாம், பின் குடு!

ஹாலிவுட்டில், எல் கேப்பிட்டன் தியேட்டரை ஒட்டி டிஸ்னியின் ஐஸ்கிரீம் கடை இருந்தது. அங்கே ஐஸ்கிரீம் வாங்கினால் லிமிடெட் எடிஷன் பின் கிடைக்கும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். சில நூறு பின்தான். கூட்டம் நெரிந்தது. வந்தவர்களுக்கு ஐஸ்கிரீம் மேல் ஆசையா என்ன? பின் கைக்கு வந்ததும் கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள் உண்டு.

'ஆளுக்கு இவ்வளவுதான்' என்று கடைகளில் அளவு வைத்தார்கள். சிலர் வீட்டு ஆட்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினார்கள். பெரிய விழாக்களில் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். குலுக்கலில் விழாதவர்கள், விழுந்தவர் அன்றைக்கே இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறதைப் பார்த்து வயிறெரிந்தார்கள்.

பூங்காவுக்குள் பின்னுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது டிஸ்னியின் கண்டிப்பான விதி. அதனால் உள்ளே கைகுலுக்கல், வெளியே காசு!

மூணு மணியோட சரி

இதற்கிடையே பூங்காவுக்கு வந்த மற்ற ஜனங்கள் முணுமுணுத்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கால் வலிக்கிறது என்று உட்காரப் போனால் பெஞ்சு முழுக்கப் பின் பை! 2024-ல் டிஸ்னிலாந்து நிர்வாகம் கடிவாளம் போட்டது. பை விரித்து மாற்றுவது வெஸ்ட்வர்ட் ஹோ எதிரில் மட்டும். பிற்பகல் 3 மணியோடு சரி. ஆளுக்கு ஒரு பை, அதுவும் அளவான பை. பெஞ்சு மேலும் தரை மேலும் கடை விரிக்கக் கூடாது.

பழைய ஆட்களுக்கு வருத்தம்தான். வேலை விட்டு வருகிறவனுக்கு மூணு மணி என்ன மூணு மணி? ஆனால் பெஞ்சை வளைத்துப் போட்டவர்கள்மேல் அவர்களுக்கும் கோபம் உண்டு. நாலு பேர் செய்த வேலைக்கு நானூறு பேருக்குத் தண்டனை என்று அலுத்துக்கொண்டார்கள்.

முதலில் யார் அனுப்புவது?

நேரில் மாற்ற முடியாதவர்கள் தபாலில் மாற்றுகிறார்கள். ஃபுளோரிடாக்காரர் பின் கலிபோர்னியாவுக்கு, கலிபோர்னியாக்காரர் பின் ஃபுளோரிடாவுக்கு. முகம் தெரியாது. உன் பின்னை நான் வாங்கிக்கொண்டு என் பின்னை அனுப்பாமல் இருந்துவிட்டால்?

அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். புதியவர் முதலில் அனுப்ப வேண்டும். பழையவர், நாலு பேர் நல்லவர் என்று சொல்லும்படி பெயர் எடுத்தவர், பார்சல் வந்து சேர்ந்த பிறகு அனுப்புவார். அனுப்பும் முன்பு இரண்டு பேரும் பின்னின் முகத்தையும் முதுகையும் படம் எடுத்துக் காட்டிவிட வேண்டும். வழியில் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அனுப்பியவர்.

இரண்டு பேருமே பழையவர்கள் என்றால் ஒரே நாளில் அனுப்பி, தபால் ரசீது எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

முதலில் எண்ணைச் சொல்வது யார்? அங்கேதான் மறுபடி தகராறு!