கலங்கரை விளக்கும் ஆமைக் குஞ்சும்

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறை உச்சியில் நிற்கிறது பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். பக்கத்துக் கல் கோபுரத்தில் 1904-இல் விளக்கு எரியத் தொடங்கும்வரை, கப்பல்களுக்கான விளக்கு இந்தக் கோயிலின் மேல்தான் இருந்தது. கலங்கரை விளக்கின் வெளிச்சத்தில் மாலுமி எதையும் தேடுவதில்லை. விளக்கு கண்ணில் பட்டாலே போதும். ஒவ்வொன்றும் மின்னும் கணக்கு தனி. எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று எண்ணியே எந்தக் கரை என்று அறிந்துகொள்வார்.

ஒளியில்லாமலே பார்க்கும் வழியும் இதே கரையில் உண்டு. தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ‘காமினி’ உலை 1996 முதல் இயங்குகிறது. திறன் 30 கிலோவாட்தான். மின்சாரத்துக்காக அல்ல, நியூட்ரான்களுக்காகக் கட்டியது. எக்ஸ்ரேயை ஈயம் தடுத்துவிடும். நியூட்ரானோ ஈயத்தை எளிதாகக் கடந்து, ஹைட்ரஜன் உள்ள பொருளில்தான் அதிகம் சிதறும். எனவே உலோக உறைக்குள் அடைத்த வெடிமருந்தைக்கூட இதைக் கொண்டு படம் பிடிக்கலாம். விண்வெளித் துறைக்கான பாகங்கள் இங்கே இப்படிச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஒளியே அல்லாத ஒன்று, ஒளியின் வேலையைச் செய்கிறது!

ஆனால் இந்தக் கரையில் ஒளியையே உயிராக நம்பி வருவது பங்குனி ஆமையின் குஞ்சு. தாய் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுப் போய்விடும். சுமார் ஏழு வாரத்தில் குஞ்சுகள் ஓட்டை உடைத்து, ஒன்றையொன்று உந்திக்கொண்டு மேலே வரும். மேல் மணல் சூடாக இருந்தால் அசையாமல் காத்திருக்கும், குளிர்ந்ததும் வெளிப்படும். அப்போது இரவு. சின்னஞ்சிறு உடம்பு, துடுப்பு போன்ற கால்கள், வழிகாட்டத் தாயும் இல்லை. மணல்மேடு இருந்த பக்கம் இருட்டு, கடல் பக்கம் தாழ்வான வெளிச்சம். வெளிச்சத்தை நோக்கி ஓடு என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாடம். தலைமுறை தலைமுறையாக அது பொய்த்ததில்லை.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விடுதிகளும் பங்களாக்களும் கடலைவிடப் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சு திரும்பி ஊருக்குள் போகிறது. நாய்க்கோ, விடிந்தால் காக்கைக்கோ, வெயிலுக்கோ பலியாகிறது. வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பது பெரும் தொண்டு. அவர்கள் கண்ணில் படாத கூடுகளுக்கு நாம்தான் பொறுப்பு.

நீலமும் வெள்ளையும் கலந்த எல்.இ.டி. வெளிச்சம்தான் குஞ்சுகளை அதிகம் இழுக்கிறது. சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் அவற்றின் கண் அவ்வளவாக மயங்காது. ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடலாம். காவலுக்கு விளக்கு வேண்டுமென்றால், செம்மஞ்சள் பல்பைத் தாழ்வாக, தரையைப் பார்த்து, கடல் பக்கம் மறைப்பு வைத்து மாட்டினால் போதும்.