குற்றாலமும் புதிர்க் கலையும்

புதிர் என்பது ஒரு பொருளையோ விடையையோ மறைத்து வைத்து, கேட்பவரைக் கண்டுபிடிக்கச் செய்யும் வினா ஆகும். விடுகதை, சொற்புதிர், கணக்குப் புதிர், தருக்கப் புதிர் எனப் பல வகைகள் இதில் அடங்கும். தென்காசி, குற்றாலம் பகுதிக்கும் புதிருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குற்றாலத்தைப் பாடிய புகழ்பெற்ற சிற்றிலக்கியம் ஒன்றில் கணவன் மனைவிக்கு இடையிலான ஊடலே புதிராக அமைந்திருக்கிறது. குற்றாலக் கோயிலின் தல மரமான பலாவைப் பற்றித் தமிழின் பழைய கணக்கு நூல் ஒன்று சுவையான புதிர்க் கணக்கைத் தருகிறது.

பெயரும் பழமையும்

விடுவிக்க வேண்டிய கதை விடுகதை. இங்குக் கதை என்பது நீண்ட கதையன்று. ஓரிரு வரிகளில் முடியும் வருணனை. பிதிர், நொடி, வெடி என்பன இதன் பிற பெயர்கள். தென் மாவட்டங்களில் அழிப்பாங்கதை என்ற பெயரும் வழங்குகிறது.

தொல்காப்பியம் இதனைப் ‘பிசி’ என்று குறிப்பிடுகிறது. அடி எண்ணிக்கைக்குக் கட்டுப்படாத வகைகளில் ஒன்றாகச் செய்யுளியலில் இது சொல்லப்படுகிறது. பிசி இரண்டு வகைப்படும். ஒன்றைப் போன்ற இன்னொன்றைச் சொல்லி உணர்த்துவது ஒரு வகை. பொருளின் இயல்பைச் சொல்லி, அதைக் கொண்டு பொருளைத் துணியச் செய்வது மற்றொரு வகை. பிறையைக் கவ்விக்கொண்டு நடக்கும் மலை எது என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பிறை என்றது தந்தத்தை. மலை என்றது யானையை. இன்று சிறுவர்கள் போடும் விடுகதைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

சிங்கனின் கேள்விகள்

திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றியவர் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். காலம் 18ஆம் நூற்றாண்டு. குற்றால மலைக் குறத்தியான சிங்கி, வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசுகள் பெறுகிறாள். அவள் கணவன் சிங்கன் பறவை பிடிப்பவன். மனைவியைக் காணாமல் தேடி அலைந்து, இறுதியில் அவளைக் காண்கிறான். அவள் உடம்பு முழுவதும் அவன் அறியாத அணிகள்.

சிங்கன் காட்டில் வாழ்பவன். அவனுக்குத் தெரிந்தவை பாம்பும் புழுவும் தவளையுமே. காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே என்று கேட்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. நாங்கூழ்ப் புழுப் போல நெளிந்திருப்பது என்ன என்கிறான்; பாண்டியன் மகள் தந்த பாடகம் என்கிறாள். செத்த தவளையைக் காலில் கட்டியிருப்பது ஏன் என்கிறான். அது கெச்சம் என்கிறாள். கால்விரலில் சுருண்ட பூச்சி, கண்டி நாட்டில் பெற்ற காலாழி. வாழைக் குருத்தை விரித்து மடித்தது போன்றது, நெல்வேலியார் தந்த சேலை.

வழக்கமான விடுகதையில் கேட்பவருக்கு விடை தெரியும். எதிரே இருப்பவருக்குத் தெரியாது. இங்கு அது தலைகீழாகிறது. கேட்பவனுக்கே விடை தெரியவில்லை. அதனால் அவன் கேள்வி விளையாட்டாகத் தோன்றினாலும், உள்ளே ஐயம் இருக்கிறது. இத்தனை நாள் எங்கே போனாய், இவற்றை யார் கொடுத்தார் என்பதே அவன் உண்மையில் கேட்பது. சிங்கி ஒவ்வொரு விடையிலும் பொருளின் பெயரோடு நிறுத்தாமல், கொடுத்தவரையோ ஊரையோ சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே. புதிர் விடுபட விடுபட ஐயமும் விலகுகிறது.

விடுகதை எப்படிப் பிறக்கிறது என்பதற்கும் இப்பகுதி நல்ல விளக்கம். ஒரு பொருளை முதன்முறை பார்ப்பவர் அதை எப்படி வருணிப்பாரோ, அப்படி வருணித்தால் அது விடுகதை ஆகிவிடும்.

இதே கவிராயர் குற்றாலத்தின் மீது சிலேடை வெண்பாவும் யமக அந்தாதியும் பாடியிருக்கிறார். ஒரே தொடர் இரு பொருள் தருவது சிலேடை. ஒரே எழுத்துக்கோவை அடிதோறும் வேறு பொருளில் வருவது யமகம். இரண்டையும் படிப்பவர் சொல்லைப் பிரித்துப் பார்த்தே பொருள் காண வேண்டும். எனவே இவற்றைச் சொற்புதிரின் உறவுகள் எனலாம்.

பிளக்காமல் எண்ணும் கணக்கு

குற்றாலநாதர் கோயிலின் தல மரம் குறும்பலா. திருஞானசம்பந்தர் இதற்கென்றே தனிப் பதிகம் பாடியுள்ளார். பலாப்பழத்தைக் கண்டவுடன் யாருக்கும் எழும் கேள்வி, உள்ளே எத்தனை சுளை என்பது. காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. காம்பின் அருகே சுற்றியுள்ள சிறு முட்களை எண்ண வேண்டும். அந்த எண்ணை 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும். முள் 50 என்றால், 50 × 6 = 300; 300 ÷ 5 = 60 சுளை.

முள்ளுக்கும் சுளைக்கும் உறவு இருப்பது உண்மையே. பலாப்பழம் ஒரு பூவிலிருந்து உருவாவதன்று. பல பூக்கள் சேர்ந்த கொத்து முழுவதும் ஒரே பழமாகிறது. தோலின் மேலுள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. சூல் கொண்ட பூ சுளையாகிறது. சூல் கொள்ளாத பூ நார் போன்ற சடையாக நின்றுவிடுகிறது. எத்தனை பூ சூல் கொள்ளும் என்பது பழத்துக்குப் பழம் வேறுபடும். ஆகவே கணக்கதிகாரத்தின் விதியை ஒரு மதிப்பீடாகக் கொள்வதே பொருத்தம். வீட்டுக்குப் பலாப்பழம் வரும்போது முள்ளை எண்ணி, வெட்டிய பிறகு சுளையை எண்ணிச் சரிபார்க்கலாம்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் விற்கப்படும் மங்குஸ்தான் பழத்தில் இதைவிட உறுதியான கணக்கு உண்டு. பழத்தின் அடியில், காம்புக்கு எதிர்ப்புறத்தில், சிறு பூப் போன்ற ஓர் அடையாளம் இருக்கும். அது பூவின் சூல்முடி காய்ந்து நின்ற பகுதி. அதில் எத்தனை இதழ்கள் உள்ளனவோ, உள்ளேயும் அத்தனை வெள்ளைச் சுளைகள் இருக்கும். இங்குப் பெருக்கலும் வகுத்தலும் தேவையில்லை.

தருக்கப் புதிர்

விடுகதைக்கு விடை சொல்ல அந்தப் பொருளை முன்பே அறிந்திருக்க வேண்டும். தருக்கப் புதிருக்கு அது தேவையில்லை. விடைக்கு வேண்டிய எல்லாம் வினாவுக்குள்ளேயே இருக்கும். உலகம் முழுவதும் அறியப்பட்ட ஒரு புதிரைக் குற்றாலத்துப் பழக்கடையில் வைத்துப் பார்க்கலாம்.

கடையில் மூன்று மூடிய கூடைகள். ஒன்றில் மங்குஸ்தான் மட்டும், ஒன்றில் ரம்புட்டான் மட்டும், ஒன்றில் இரண்டும் கலந்து இருக்கின்றன. கூடைகளில் ‘மங்குஸ்தான்’, ‘ரம்புட்டான்’, ‘இரண்டும்’ என மூன்று சீட்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. ஆனால் மூன்று சீட்டுகளுமே தவறு. ஒரே ஒரு கூடையிலிருந்து ஒரே ஒரு பழத்தை, உள்ளே பார்க்காமல் எடுக்கலாம். மூன்று கூடைகளிலும் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

‘மங்குஸ்தான்’ கூடையிலிருந்து ரம்புட்டான் வந்தால், அது ரம்புட்டான் கூடையா, கலப்புக் கூடையா என்று தெரியாது. எனவே ‘இரண்டும்’ என்ற கூடையிலிருந்தே எடுக்க வேண்டும். சீட்டு தவறு என்பதால் அதில் கலப்பு இருக்க முடியாது. வந்தது ரம்புட்டான் என்றால் அந்தக் கூடை முழுவதும் ரம்புட்டான். மீதி இரண்டில் ‘மங்குஸ்தான்’ சீட்டு ஒட்டிய கூடையில் மங்குஸ்தான் மட்டும் இருக்க முடியாது. ரம்புட்டான் கூடையும் தெரிந்துவிட்டது. ஆகவே அது கலப்பு. எஞ்சிய ‘ரம்புட்டான்’ கூடையில் இருப்பது மங்குஸ்தான். மங்குஸ்தான் வந்தாலும் இதே முறையில் விடை காணலாம். ‘எல்லாம் தவறு’ என்ற செய்தியே இங்குத் திறவுகோல்.

இத்தகைய சிந்தனைக்கு மாணவர்களிடையே இன்று நேரடிப் பயனும் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 90 வினாக்கள் உள்ளன. தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்படுபவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளிலும் திறனறி வினாக்கள் இடம்பெறுகின்றன.

விடுகதை மறையும் விதம்

தருக்கப் புதிரை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். மங்குஸ்தானுக்குப் பதில் ஆப்பிள் என்றாலும் விடை மாறாது. விடுகதை அப்படியன்று. உரல், அம்மி, திரிகை, ஏற்றம், குதிர் ஆகியவற்றை விடையாகக் கொண்ட விடுகதைகள் பல. அப்பொருள்கள் வீட்டை விட்டுப் போனதும், விடுகதையின் சொற்கள் நினைவில் இருந்தாலும் குழந்தையால் விடை காண முடிவதில்லை. விடையைச் சொன்னாலும் ‘அப்படியென்றால் என்ன’ என்று மறுகேள்வி வருகிறது. பாடகத்தையும் கெச்சத்தையும் அறியாத இன்றைய வாசகர் குறவஞ்சியைப் படிக்கும்போது சிங்கனின் நிலையில்தான் இருக்கிறார்.

ஆதலால் விடுகதைகளைத் தொகுப்பவர் வினாவையும் விடையையும் எழுதுவதோடு, அந்தப் பொருள் எப்படி இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதையும் குறித்து வைப்பது நல்லது. வீரகேரளம்புதூரில் பிறந்து, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றிய ச. வே. சுப்பிரமணியன், ‘தமிழில் விடுகதைகள்’ என்ற நூலை எழுதியவர். அவர் பிறந்த ஊர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்பது மாணவர் எவரும் செய்யக்கூடிய பணியே.

முயன்று பார்க்க

1. மலையிலிருந்து இறங்கி வருவான். வந்தவர் தலையில் எல்லாம் அடிப்பான். அடிபட்டவர் சிரித்துக்கொண்டே போவார். அவன் யார்?

2. வெளியே முள் வேலி, உள்ளே மஞ்சள் குழந்தைகள். கதவைத் திறந்தவன் கையைக் கழுவ எண்ணெய் தேடுவான். அது என்ன?

3. மூன்றெழுத்துச் சொல். முதலில் ‘அ’ இருந்தால் மலையிலிருந்து விழும். ‘கு’ இருந்தால் மரத்துக்குப் பறக்கும். ‘க’ இருந்தால் கையில் வேலை செய்யும். பின்னிரண்டு எழுத்துகள் எவை?

4. சில பாறைகள், சில குரங்குகள். பாறைக்கு ஒரு குரங்கு உட்கார்ந்தால் ஒரு குரங்குக்கு இடமில்லை. பாறைக்கு இரண்டு உட்கார்ந்தால் ஒரு பாறை காலி. பாறை எத்தனை, குரங்கு எத்தனை?

5. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒருவர் நடந்து போனார். எதிரே குற்றாலத்திலிருந்து ஏழு பேர் வந்தனர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பை. ஒவ்வொரு பையிலும் மூன்று மங்குஸ்தான். குற்றாலத்துக்குப் போனவர் எத்தனை பேர்?

விடைகள்

1. அருவி.

2. பலாப்பழம். அதன் பால் கையில் ஒட்டினால் தண்ணீரில் போகாது. எண்ணெய் தேய்த்தால் விடும்.

3. ‘ருவி’. சொற்கள்: அருவி, குருவி, கருவி.

4. பாறை 3, குரங்கு 4. முதல் செய்தியின்படி குரங்குகள் பாறைகளைவிட ஒன்று அதிகம். இரண்டாவது முறையில் ஒரு பாறை காலியாகிறது. அதில் இருந்த குரங்கும் இடமில்லாத குரங்கும் ஆக இரண்டு குரங்குகள் மற்றப் பாறைகளில் கூடுதலாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்றுதான் உட்காரும் என்பதால் அந்தப் பாறைகள் 2. காலிப் பாறையோடு 3.

5. ஒருவர் மட்டுமே. மற்ற ஏழு பேரும் குற்றாலத்திலிருந்து வந்தவர்கள்.