வீட்டிலேயே பழக் குச்சி ஐஸ்

கோடை தொடங்கிவிட்டால், பிற்பகல் வேளையில் நெசவாளர் தெருக்களில் ஒரு மணியோசை கேட்பது வழக்கம். தறியோசை சற்றே தாழும்; குழந்தைகள் தாயிடம் காசு கேட்டு நிற்பர்; வண்டியிற் கட்டிய பெட்டி திறக்கப்படும்; சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் குச்சி ஐஸ் வெளிவரும். வெயிலின் கொடுமையை அறிந்த எவரும் குழந்தைகளின் இவ்விருப்பத்தைக் குறை கூறமாட்டார். நாமும் கூறவில்லை. அக்குச்சியில் உறைந்திருப்பது எது என்பதை அங்கத்தினர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சித்திரை மாதத் துணி வரவுப் பதிவேட்டில், ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து அங்கத்தினர்களின் பெயர்களுக்கு எதிரே ஒரு வாரம் வரவு ஏதும் இல்லை. நூல் வழங்கப்பட்டிருந்தது, பாவும் ஆயத்தமாயிருந்தது, துணி மட்டும் வரவில்லை. வினவியபோது, அத்தெருக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டதென்றும், தாய்மார் மருத்துவமனையில் இருந்தமையால் தார் சுற்ற ஆளின்றித் தறிகள் நின்றுவிட்டன என்றும் தெரிந்தது. அக்குழந்தைகள் யாவரும் முந்திய நாள் ஒரே பெட்டியில் ஐஸ் வாங்கி உண்டவர்கள். நோய்க்கு அதுவே காரணம் என்று தீர்ப்புக் கூற நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், அந்த ஐஸ் எந்த நீரில் செய்யப்பட்டது என்பதை அத்தெருவில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரக் கூலி இழப்பு மட்டும் பதிவேட்டில் ஐயமின்றித் தெரிந்தது.

குளிர் மறைக்கும் குறைகள்

உறைந்த நீரில் கிருமி இராது என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. கொதித்தல் கிருமியைக் கொல்லும். உறைதல் அவ்வாறு கொல்வதில்லை. அது கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. சில மடியினும், எஞ்சியவை உறங்குவன போல் இருந்து, வயிற்றினுட் சென்றதும் மீண்டும் விழிக்கின்றன. ஆகவே அசுத்த நீரில் செய்த ஐஸ், அசுத்த நீரேயாகும்.

உண்ணுவதற்கன்றிப் பிற பயன்களுக்காகவும் பனிக்கட்டி செய்யப்படுகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தமையால், உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் அறிவுறுத்தியது. இதிலிருந்தே இடரின் அளவை உணரலாம்.

அடுத்தது நிறம். சாயத்தின் இயல்பை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ‘ரோடமின்-பி’ என்பது துணிக்கு ஒளிமிக்க இளஞ்சிவப்பு ஊட்டும் சாயம். உணவிற் சேர்க்கக் கூடாதது. அச்சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருப்பது ஆய்வில் வெளிப்பட்டமையால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது. நூலுக்கு ஏற்ற சாயம் குழந்தையின் நாவிற்கு ஏற்றதன்று. நல்ல முறையில் உரிமம் பெற்றுத் தொழில் நடத்துவோர் பலர் உளர். ஆயினும் நாவைக் குளிர் மரத்துப்போகச் செய்வதால், நீரின் நாற்றமும் பழத்தின் குறையும் உண்பவருக்குத் தெரிவதில்லை. வாங்கும் ஐஸில் தெரியாதவற்றை, செய்யும் ஐஸில் நாமே அறிவோம். வீட்டில் செய்வதன் முதற்பயன் இதுவே.

பழத்திற்கும் இது நல்வழி

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மாம்பருவத்தில் விளைச்சல் மிகும்போது விலை வீழ்கிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மிகுதியாக விளையும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாம்பழம், கூழ் ஆலைகளுக்கே பெரும்பாலும் செல்வது. வடுப்பட்டதாலோ, மிகக் கனிந்ததாலோ வியாபாரி ஒதுக்கிவிடும் பழங்கள் தோட்டத்திலேயே வீணாகின்றன. வீட்டில் ஐஸ் செய்வதால் சந்தை விலை உயர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட கூடையில் பாதியேனும் குழந்தைகளின் உணவாகும். மிகக் கனிந்த பழம் ஐஸுக்கு மிகவும் ஏற்றது. அழுகிய பழம் எதற்கும் ஏற்றதன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. கார்பைடுக் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தகைய பழத்தை விலக்குக.

சர்க்கரையின் வேலை

தூய நீர் 0 டிகிரி சென்டிகிரேடில் கல்லைப்போல் உறையும். சர்க்கரை சேர்ந்த நீர் அதனினும் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். இறுகும்போதும் நுண்ணிய துகள்களாக இறுகி, கடிப்பதற்கு மென்மையாயிருக்கும். சர்க்கரை மிகக் குறைந்தால் ஐஸ் பல்லை வருத்தும். மிகுந்தால் உறையாமல் கூழாகவே நிற்கும். பழத்தின் இயற்கை இனிப்பும் நாம் சேர்ப்பதும் கூடி, நூறு பங்கு கலவையில் ஏறத்தாழ பதினாறு முதல் பதினெட்டுப் பங்கு இருப்பது நன்று. குளிரில் இனிப்புக் குறைவாகத் தோன்றும். ஆதலின் உறையுமுன் சுவைக்கும்போது சற்றே கூடுதலாகத் தோன்றுவதே சரியான அளவு.

மூன்று கலவைகள்

மாம்பழம்: நார் நீக்கிய கூழ் 500 கிராம், காய்ச்சி ஆறிய நீர் 200 மில்லி, சர்க்கரை 60 கிராம், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையை நீரிலே கரைத்தபின் கூழுடன் கலக்கவும். 60 மில்லி கொள்ளும் சிறு குவளைகளில் பன்னிரண்டு கிடைக்கும். ஒரு குச்சிக்கு நாம் சேர்த்த சர்க்கரை 5 கிராமே.

தர்பூசணி: விதை நீக்கிப் பிழிந்த சாறு அரை லிட்டர், சர்க்கரை 50 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு. இப்பழத்தில் நீர் மிகுதியாதலின் வேறு நீர் சேர்க்க வேண்டுவதில்லை. சர்க்கரையைக் குறைத்தலும் ஆகாது. எட்டு அல்லது ஒன்பது குச்சிகள் கிடைக்கும்.

திராட்சை: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, இதற்கு மிகவும் ஏற்றது. பழம் 500 கிராமை நன்கு கழுவி, 150 மில்லி நீருடன் தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து வடிகட்டுக. சூடு இருக்கும்போதே 40 கிராம் சர்க்கரை கரைத்து ஆறவிடுக. சாயம் எதுவுமின்றியே கண்ணைக் கவரும் ஊதா நிறம் வருவதைக் காணலாம்.

நீர் கொதித்துக் குமிழி எழும்பியபின் ஒரு நிமிடமேனும் கொதிக்க வேண்டும். மாங்கூழும் தர்பூசணிச் சாறும் கொதிக்க வைக்கப்படாதவை. எனவே பழத்தை அறுக்குமுன் கழுவுதலும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும், கத்தி, பாத்திரம், குவளைகளை வெந்நீரில் அலம்புதலும் நீரைக் காய்ச்சுவதற்கு நிகரான கடமைகள். புளிப்புள்ள சாற்றை ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் வைக்கலாகாது, எவர்சில்வர் ஏற்றது.

உறைய வைத்தல்

நீர் உறையும்போது பெருக்கமடைவதால், குவளையின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்றுக. குளிர்சாதனப் பெட்டியின் உறையறையில் வைத்து, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் கலவை பாதி இறுகியதும் நடுவே குச்சியை நிறுத்துக. முன்னரே வைத்தால் சாயும். கடைகளில் விற்கும் புதிய ஐஸ் குச்சிகளை வெந்நீரில் இட்டெடுத்துப் பயன்படுத்துக. தறிக்கூடத்தில் கிடக்கும் மூங்கிற் சிம்புகள் கஞ்சியும் சாயமும் பட்டவை, அவை வேண்டா. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் முற்றும் இறுகும். எடுக்கும்போது குவளையின் வெளிப்புறத்தைச் சில விநாடி தண்ணீரில் பிடித்தால் எளிதில் கழலும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதோரும் மனம் தளர வேண்டியதில்லை. பனிக்கட்டியை உடைத்து, எடையில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல்லுப்புக் கலந்தால், அதன் குளிர் பூச்சியத்திற்கு வெகுவாகக் கீழே செல்லும். உப்பு பனிக்கட்டியை விரைந்து உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது அருகிலுள்ள குவளையிலிருந்து இழுத்துக்கொள்கிறது. குல்பி வியாபாரிகளின் பழைய முறை இதுவே. சாக்குச் சுற்றிய வாளியில் இக்கலவையை நிரப்பி, மெல்லிய எவர்சில்வர் குவளைகளை அதனுள் நிறுத்தி மூடி வைத்தால், இரண்டு மணி நேர அளவில் இறுகும். ஒரே ஒரு கட்டுப்பாடு: வாளியில் உள்ள பனிக்கட்டி உண்பதற்குரியதன்று. அதில் ஒரு துளியும் குவளையினுள் விழலாகாது. குவளையின் வாய் உப்புநீருக்கு மேலே இருக்கவும், மூடப்பட்டிருக்கவும் வேண்டும். குவளையை வெளியே எடுத்ததும் அதன் புறத்தைக் காய்ச்சிய நீரால் கழுவிய பின்னரே ஐஸைக் கழற்றுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

மின்சாரம் நின்று உருகிப்போன ஐஸை மீண்டும் உறைய வைக்கலாகாது. செய்ததை ஓரிரு வாரங்களுக்குள் உண்டு தீர்த்துவிடுக. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு ஐஸ் மருந்தாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்க. வீட்டிற்கென்று செய்வது வேறு, விற்பது வேறு; விற்க விரும்பும் அங்கத்தினர்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி பதிவு பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

1905-இல் அமெரிக்காவில் பதினொரு வயதுச் சிறுவன் பிராங்க் எப்பர்சன், கலக்கும் குச்சியோடு ஒரு குவளைப் பானத்தைக் குளிரில் மறந்து வைத்துவிட, காலையில் அது குச்சியோடு உறைந்திருந்தது என்பர். 1924-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிறுவனின் மறதியிற் பிறந்த பொருளைச் செய்வதற்குப் பெரிய கலைத்திறன் வேண்டியதில்லை. தூய நீரும், நல்ல பழமும், சிறிது பொறுமையும் போதும்.

ஒரு தெருவில் எல்லா வீடுகளிலும் குளிர்சாதனப் பெட்டி இராது. ஒரு வீட்டிலேனும் இருக்கும். ஐந்து குடும்பத்தார் சேர்ந்து, விவசாய அங்கத்தினரிடம் நேரே ஒரு கூடைப் பழம் வாங்கிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாதர் அங்கத்தினர்கள் ஒரு ஞாயிறு காலையில் கூடிச் செய்தால், குழந்தைகளுக்கு அவ்வாரம் முழுவதற்கும் போதும். அடுத்த சித்திரையில் நாம் பதிவேட்டைப் பார்க்க வரும்போது, எந்தத் தெருவின் பெயர்களுக்கு எதிரேயும் வெற்றிடம் இல்லாதிருக்கக் காண விழைகிறோம்.