மீன் மேனியில் வெண்புள்ளி

கண்ணாடித் தொட்டியிலுள்ள பொன்மீனின் மேனியில் வெண்புள்ளி கண்டதும், நேயர்களே, மருந்தைத் தேடி ஓட வேண்டா. புள்ளி எங்கே உள்ளது என்று முதலில் நோக்குங்கள். செவுள்மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் காணப்பட்டால், அது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து ஆண்மீனின் அடையாளம், நோயன்று.

உடலெங்கும் உப்புத்தூள் தூவியதுபோல் சிதறியிருந்து, மீனும் கற்களில் உராய்ந்தால், அது 'இக்' என்னும் ஒட்டுண்ணி நோய். பொன்துகள் போன்ற நுண்படலமாயின் 'வெல்வெட்' நோய்.

இக் ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதனைத் தீண்டாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்காகப் பெருகும். நீரில் நீந்திவரும் அந்தச் சிற்றுயிர்களையே மருந்து அழிக்கும். வெதுவெதுப்பான நீரில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும்; வடநாட்டுக் குளிர்காலத்தில் பல வாரங்கள் நீளும். ஆதலின், புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர் மீனை இழக்க நேரிடும்.