மருந்து வாங்கியவரிடம் எதைக் கேட்பது?

எச்.ஐ.வி. மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வருபவரிடம் "சேவை எப்படி?" என்று கேட்டால், "பிழையில்லை" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அதை ஐந்துக்கு நாலு என்று பதிந்துகொள்ளலாம். அதனால் என்ன தெரிந்தது என்பது வேறு கேள்வி.

இலங்கையில் இந்த மருந்துகள் 2004ஆம் ஆண்டிலிருந்து அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. யாழ். போதனா வைத்தியசாலையிலும் அத்தகைய கிளினிக் உண்டு. இலவசம், வாழ்நாள் முழுவதும் வேண்டியது, வேறிடம் போவதும் லேசில்லை. இந்த நிலையில் உள்ளவர் அடுத்த மாதமும் முகம் பார்க்கவேண்டியவரைப் பற்றிக் குறை சொல்லத் தயங்குவார். ஆகவே மருந்து கொடுப்பவரே வினாத்தாளையும் நீட்டக்கூடாது.

மருந்தகச் சேவையில் திருப்தியை அளக்க உலகில் பலர் எடுத்தாளும் வினாத்தாள், லார்சனும் சகாக்களும் 2002இல் திருத்தி வெளியிட்டது. இருபது கேள்விகள். மருந்தாளர் இன்முகத்தோடு விளக்கினாரா என்பது ஒரு பகுதி. சிகிச்சை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டாரா என்பது மறு பகுதி. நல்ல வினாத்தாள்தான். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கு போதாது.

உணர்வைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. மருந்து இல்லாமல் எப்போதாவது திரும்பிப் போனீர்களா? உங்களுடன் கதைத்தது பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டதா? இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளைப் பற்றி யாரும் சொன்னார்களா? இந்தக் கடைசிக் கேள்வி சின்ன விஷயமில்லை. இன்றைய முதன்மை மருந்தான டொலுடெக்ரவிரை வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோ எடுக்கவேண்டும். இல்லையேல் எல்லாவற்றையும் சாப்பாட்டோடு எடுக்கலாம். இதை யாருமே சொல்லாத ஒருவர் முழுத் திருப்தியோடும் வீட்டுக்குப் போகக்கூடும்.

எத்தனை மாத மருந்து ஒரே தடவையில் தந்தார்கள் என்றும் கேட்கவேண்டும். சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கிப் பஸ் பிடித்து வருபவருக்கு, மருந்தாளரின் புன்னகையைவிட இதுவே பெரிது.

வினாத்தாளில் பெயர் இல்லாவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நோயாளர் தொகை குறைந்த இடத்தில் ஊர், வயது, தொழில் மூன்றையும் எழுதவைத்தால் அதுவே பெயர் எழுதியதுபோலத்தான். ஊரைக் கேட்காமல், வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டாலே வேண்டியது கிடைத்துவிடும்.

கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிட்டவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். மிகுந்த அதிருப்தி அவரிடம்தான் இருக்கலாம். வீடு தேடிப் போய்க் கேட்கவும் முடியாது, வீட்டாருக்கே விஷயம் தெரியாதிருக்கலாம். தொலைபேசியில் அழைக்கலாமா என்று முதல் நாளே சம்மதம் வாங்கி வைத்திருந்தால், எதனால் நின்றார் என்றாவது கேட்டறியலாம்.