பழைய ஜெயிலுக்குள் மட்டும் கோஷம் போடலாம்: பெங்களூரு ஆணை என்ன சொல்கிறது?

ஜூன் 25 நெருங்குகிறது. நெருக்கடி நிலை பிறந்த அந்த நாளை ‘அரசியல் சாசனப் படுகொலை தினம்’ என்று மத்திய அரசு 2024-இல் அறிவித்தது. தேதி நெருங்க நெருங்கக் கடிதங்கள் குவிகின்றன. எழுதுவது கல்லூரிப் பிள்ளைகள். சிலவற்றை அவர்களுக்குத் தெரியாமல் பெற்றோர் எழுதுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: டவுன் ஹால் படிக்கட்டில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே தள்ளுவார்களா? 144 போட்டிருந்தால்தானே அது குற்றம்?

இல்லை. பெங்களூரில் அதற்கு 144 தடை உத்தரவு (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் இது 163-ஆவது பிரிவு) தேவையே இல்லை.

2021-இல் வந்த போராட்டம், ஆர்ப்பாட்டம், ஊர்வலங்களுக்கான உரிமம் மற்றும் ஒழுங்குமுறை ஆணைதான் காரணம். பெயர் நீளமானாலும் சாரம் சின்னது: போராட வேண்டுமென்றால் முன்கூட்டியே மனுக் கொடுங்கள், அனுமதி கிடைத்தால் சேஷாத்ரி சாலையில் உள்ள ஃப்ரீடம் பார்க்குக்குப் போங்கள். டவுன் ஹால், மைசூரு பேங்க் சர்க்கிள், மௌர்யா சர்க்கிள் காந்தி சிலை என்று இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்த இடங்களெல்லாம் பட்டியலுக்கு வெளியே. அரசு சொல்லும் காரணம், போக்குவரத்து நெரிசல். அரசியல் கட்சிகளின் பிரமாண்டப் பேரணிகளும் கோயில் தேர்களும் இதே ஊரில்தான் போகின்றன என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆணையின் சாமர்த்தியம் புரிய 2019 டிசம்பருக்குப் போக வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்த வாரம். டிசம்பர் 18 அன்று மாநகரக் காவல் ஆணையர் மூன்று நாளுக்கு 144 தடை போட்டார்; ஏற்கெனவே தந்திருந்த அனுமதிகளும் செல்லாமல் போயின. மறுநாள் டவுன் ஹால் முன்னால் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவைப் போலீசார் பாதிப் பேச்சில் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதை நாடே டி.வி.யில் பார்த்தது. 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடை உத்தரவே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. காரணம் எளிது. 144 போடும் அதிகாரி ஏன் போடுகிறேன் என்று எழுத வேண்டும். அவசரம் என்ன என்று காட்ட வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அது நீடிக்காது. காரணம் சொத்தை என்றால் நீதிமன்றத்தில் உடையும், உடைந்தது.

2021 ஆணைக்கு இந்தத் தொல்லை ஏதும் கிடையாது. இது அவசரத்துக்குப் போடும் உத்தரவு அல்ல, அன்றாட விதி. முடிவுத் தேதி இல்லை. குறிப்பிட்ட ஆபத்து எதையும் காட்ட வேண்டியதில்லை. அட்டை பிடித்த பெண்ணை ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டால், இடம் தப்பு என்பதே போதுமான பதில். சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவைக் காட்டி ஆணையர் 15 நாளுக்கு ஒருமுறை தடையைப் புதுப்பிப்பதையாவது செய்தித்தாளில் பார்க்கலாம். இங்கே அந்தச் சடங்குகூட இல்லை. பா.ஜ.க. ஆட்சியில் வந்த ஆணை. 2023-இல் காங்கிரஸ் வந்தது, ஆணை அப்படியே இருந்தது. நெருக்கடி நிலையைப் பற்றி மேடைதோறும் சண்டை போடும் இரு கட்சிகளும் இதில் ஒற்றுமை.

ஃப்ரீடம் பார்க் எது என்பதையும் சொல்ல வேண்டும். அது பழைய மத்தியச் சிறை. நெருக்கடி நிலை வந்த 1975-இல் வாஜ்பாயும் அத்வானியும் இங்கே அடைபட்டார்கள். ‘சம்ஸ்காரா’ படத்தின் நாயகி ஸ்நேகலதா ரெட்டி விசாரணையே இல்லாமல் இங்கே மாதக்கணக்கில் ஆஸ்துமாவோடு கிடந்தார்; 1977 ஜனவரியில் வெளியே வந்து சில நாளிலேயே இறந்தார். கைதிகள் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாறிய பின் இது பூங்காவானது. நட்டநடுவே காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது.

அனுமதித்த இடத்துக்குள் நின்றால் ஆபத்தில்லையா? 2020 பிப்ரவரி 20 அன்று இதே பார்க் மேடையில் பாகிஸ்தானையும் வாழ்க என்று சொல்லி, கையோடு இந்தியாவையும் வாழ்க என்ற 19 வயது மாணவி மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. உரிய காலத்தில் குற்றப்பத்திரிகை வராததால்தான் அவருக்கு ஜூன் மாதம் ஜாமீன் கிடைத்தது. வீட்டிலேயே இருந்தால்? சூழலியல் செயற்பாட்டாளர் திஷா ரவியை டில்லி போலீசார் 2021 பிப்ரவரியில் இந்த ஊருக்கே வந்து பிடித்துப் போனார்கள். விவசாயிகள் போராட்டத்துக்கான ஓர் இணைய ஆவணத்தைத் திருத்தினார் என்பது புகார். ஆதாரம் போதாது என்று பத்தே நாளில் நீதிமன்றம் ஜாமீன் தந்தது.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக.

தேசத்துரோகச் சட்டம் போய்விட்டதா? பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு போனது, அதன் இடத்தில் புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவு வந்தது.

எஃப்.ஐ.ஆர். போட்டாலே பாஸ்போர்ட் போய்விடுமா? அதனால் மட்டும் போகாது. போலீஸ் சரிபார்ப்பில் இழுத்தடிப்பார்கள்.

18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கலாமா? கூடாது.

தெருவில் கூடுவதையே மொத்தமாகத் தடுக்க முடியுமா? முடியாது, ஒழுங்குபடுத்த மட்டுமே முடியும் என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லிவிட்டது.

ஜூன் 25-க்கு டவுன் ஹால்தான் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுத்தில் மனுக் கொடுத்து, முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்றால் திரும்பிவிடாதீர்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அந்தத் தாள்தான் வேண்டும்.